செருப்பு கழன்றதை நல்ல அறிகுறி என்றார்கள்

போன ஆடியில் வலது பிட்டத்தில் ஒரு இழுப்பு ஆரம்பித்து, தொடை வழியாக இறங்கிக் கால் கட்டைவிரல் வரை போனது. எலும்பு டாக்டர், "ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துது, சயாட்டிகா. பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் தானாகவே தணியும். படுத்தே கிடக்காதீங்க, நடங்க" என்று மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதினார்.

மூன்றாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. மச்சான் சொன்ன அக்குபங்சர் மையத்துக்குப் போனேன். 2019இல் மத்திய அரசு அக்குபங்சரை அங்கீகரித்ததைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். அந்த உத்தரவு வைத்திய முறைக்குத்தான், அங்கே வைத்தியம் பார்த்த ஆளுக்கு இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. ஊசி போடுவார்கள் என்று பார்த்தால் ஊசியே கிடையாது. நாடி பார்த்தார், மணிக்கட்டருகே ஒரு விரலால் தொட்டார், அவ்வளவுதான். பத்து சிட்டிங்குக்கு 6,000 ரூபாய் முன்பணம், ரசீது இல்லை. மாத்திரை, பிசியோ இரண்டையும் நிறுத்தச் சொன்னார்.

வலி கூடியது. "கழிவு வெளியேறுது" என்றார். ஐந்தாவது சிட்டிங்குக்குப் பிறகு வலி சட்டென்று குறைந்தது. நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் வலி இருந்த இடம் மரத்துப்போயிருந்தது. நடக்கும்போது வலது செருப்பு கழன்று விழுவதே தெரியவில்லை. "நல்ல அறிகுறி" என்றார் அதற்கும். காலை இழுத்து நடக்கிறேன் என்று கண்டுபிடித்தது என் மனைவிதான்.

டாக்டர் குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது முன்பாதம் எழவே இல்லை. எம்ஆர்ஐ, அறுவை சிகிச்சை எல்லாம் ஆச்சு. கட்டைவிரல் இன்னும் முழுதாக மேலே வரவில்லை. இப்படிப் பாதம் தொங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஊசி வைத்தியமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இடுப்பு வலிக்கும் சயாட்டிகாவுக்கும் அதைத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னது. 2024இல் வெளியான சீன ஆய்வில் ஒப்பிடுவதற்காகப் போட்ட பொய் ஊசியைவிட நிஜ ஊசி பலன் தந்தது. ஆனால் அது நிஜ ஊசி, 4 வாரத்தில் 10 தடவை. எனக்குக் கிடைத்தது ஒரு விரல்.

பணத்தைக் கேட்டேன். "நீங்க பாதியில் விட்டதாலதான் இப்படி ஆச்சு" என்றார். போன வாரம் அங்கிருந்து ஒரு வாட்ஸ்அப்: இன்னும் மூன்று சிட்டிங் பாக்கி இருக்கிறதாம்.