புல்தரைப் பராமரிப்புக்கு வருடச் சந்தா கட்டாதீங்க: என் ஒரு மாதச் சம்பளம் போச்சு

இப்போதுதான் போனை வைத்தேன். புல்தரைப் பராமரிப்பு நிறுவனத்துக்கு இது பதினோராவது அழைப்பு. "சேவை வழங்கப்பட்டுவிட்டது மேடம், பணம் திரும்பத் தர முடியாது" என்று சொல்லி, நான் பேசி முடிப்பதற்குள் அந்தப் பெண் வைத்துவிட்டார். கோபம் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று விட்டால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். என் ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போய்விட்டது. இப்படி ஆட்களை அமர்த்துமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைப் போடப் போவதில்லை. போனிலேயே முன்பதிவு செய்து, வருடச் சந்தா கட்டினால் மாதம் ஒரு முறை ஆள் வந்து புல் வெட்டி, உரம் போட்டு, களை எடுத்துத் தருவதாகச் சொல்லும் வகை. சீருடை, அடையாள அட்டை, வண்டியில் பெரிய எழுத்து என்று எல்லாம் இருக்கும்.

எங்கள் வீட்டு முன்னால் 150 சதுர மீட்டர் புல்தரை. கொரியன் புல். வைத்தவர்களுக்குத் தெரியும், அது படர எவ்வளவு நாள் எடுக்கும் என்று. உள்ளங்கை அகலத் துண்டுகளாக நானே நட்டு, இடைவெளி மூட மூன்று வருடம் ஆனது. அம்மா தினமும் சாயங்காலம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, கோரையைக் கிழங்கோடு நோண்டி எடுப்பார். இப்போது அவருக்கு முட்டி வலி, குனிய முடியவில்லை. எனக்கு நேரமில்லை. அதனால்தான் வெளி ஆட்களைத் தேடினேன்.

முதலில் பார்வையிட ஒருவர் வந்தார். நடுத்தர வயது, பேச்சில் அவசரமே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புல்லில் கால் வைத்தார், அதிலேயே அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. குந்தி உட்கார்ந்து ஒரு புல்லைக் கிள்ளி என் விரலில் வைத்து, "நுனியைப் பாருங்க மேடம்" என்றார். பார்த்தேன். நுனி வெட்டுப்பட்ட மாதிரியே இல்லை, கிழிந்து நாராகத் தொங்கியது. அந்த நார் வெளுத்துக் காய்ந்திருந்தது. "உங்க மெஷின் பிளேடு மழுங்கிப் போச்சு. வெட்டலை, பிய்க்குது. அதான் தூரத்துல இருந்து பார்த்தா தரையே வெளிறித் தெரியுது" என்றார். அவர் சொன்னது உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. அந்த உண்மைதான் என்னைக் கவிழ்த்தது. இவ்வளவு தெரிந்த மனுஷன் சொல்கிறாரே என்று, மாதா மாதம் கட்டலாம் என்றிருந்தவள் அன்றைக்கே வருடச் சந்தா முழுவதையும் கட்டிவிட்டேன். ஒரு மாதச் சம்பளம், ஒரே தட்டலில்.

அந்த மனுஷனை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அவர் வேலை விற்பதோடு சரி.

வேலைக்கு வந்தது வேறு இரண்டு பையன்கள். மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று விரற்கடை உயரம் நின்ற புல்லை ஒரே வெட்டில் அரை விரற்கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல் வளர்ப்பில் அரிச்சுவடி. இலை போனால் புல்லுக்குச் சாப்பாடு ஏது? பச்சை போய் அடித்தண்டு மட்டும் பழுப்பாகத் தெரிந்தது. "ஏன் தம்பி இவ்வளவு ஒட்ட வெட்டுறீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "அப்பதான்மா உரம் நல்லா இறங்கும்" என்றான் ஒருவன்.

அடுத்து உரம். வெள்ளைக் குருணை, யூரியா. நல்ல உச்சி வெயில், தரை காய்ந்து கிடக்கிறது. தூவுகிற தள்ளுவண்டியில் 10 லிட்டர் பக்கெட் ஒன்று முழுசாகக் கொட்டி, பிறகு இன்னொன்றில் பாதி. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெரிந்தவர்கள் செய்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பிறகு கணக்குப் போட்டேன். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். புல்தரைக்கு ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜனே அதிகம், அதாவது யூரியா 10, 11 கிராம். எங்கள் தரைக்கு ஒன்றரைக் கிலோவே தாராளம். அவர்கள் போட்டது எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் 10 கிலோ. போட்டவுடன் தண்ணீராவது பாய்ச்சினார்களா? அதுவும் இல்லை. "நாளைக்கு விட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். உரம் உப்பு மாதிரி வேலை செய்யும். அளவு மீறினால் வேருக்குத் தண்ணீர் ஏறாது, வேரில் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிவிடும்.

ஐந்தாம் நாள் காலையில் அம்மாதான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் தரை முழுக்கக் கோடு. வண்டி அகலத்துக்குக் கருகல், பக்கத்தில் கொஞ்சம் பச்சை, மறுபடி கருகல். தள்ளிக்கொண்டு போனவன் எங்கே திரும்பினான் என்பதுகூடத் தெரிந்தது. சுவரோரம், வண்டியை நிறுத்தாமல் வளைத்த இடங்களில் அரைவட்டமாகக் கருப்பு. நடைபாதை விளிம்பில் குருணை இன்னும் கரையாமல் ஒட்டியிருந்தது. கையால் தடவினால் புல் வைக்கோல் மாதிரி நொறுங்கியது.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் பதில்: "வெயில் அதிகம் மேடம்." வெயில் வண்டி அகலத்துக்குக் கோடு போட்டா அடிக்கும்? அடுத்த பதில்: "பூஞ்சை நோய் மேடம், அதுக்குத் தனியா மருந்து இருக்கு, சந்தாவுல வராது." பூஞ்சை என்றால் பெரும்பாலும் வட்ட வட்டமாகப் பரவும், இப்படி வண்டி அகலத்துக்கு அளந்த மாதிரி கோடு போடாது. மூன்றாவதாக, "நீங்க தண்ணி சரியா விடலை" என்று பழியை என் மேலேயே போட்டார்கள். மேற்பார்வையாளரிடம் பேச வேண்டும் என்றால் "சார் வெளியில இருக்கார்". அவர் உள்ளே இருந்த நாளே கிடையாது. ஒவ்வொரு தடவையும் புதுக் குரல், புதுப் புகார் எண், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், படத்தைத் திரும்ப அனுப்ப வேண்டும். "இரண்டு நாளில் ஆள் வந்து பார்ப்பார்" என்றதை நம்பி ஒரு நாள் விடுப்பு எடுத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மாலையில் குறுஞ்செய்தி மட்டும் வந்தது, புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாம்.

இதற்கிடையில் இரண்டாவது முறை வந்தார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன், கோரைக்கு மருந்து என்று சொல்லி அம்மாவிடம் அனுமதி வாங்கி அடித்துவிட்டார்கள். கேனில் லேபிள் கிழிந்திருந்ததாம். களையை மட்டும் கொல்லும் மருந்து வேறு, பச்சையாக நிற்பதையெல்லாம் கொல்லும் மருந்து வேறு. இவர்கள் எதை அடித்தார்கள் என்று இன்று வரை சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் மிச்சமிருந்த கொரியன் புல்லும் மஞ்சளாகிச் செத்தது. கோரை? கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, இப்போது செத்த புல்லுக்கு நடுவில் அதுதான் பச்சையாக முளைத்து நிற்கிறது. அம்மா பலகையை எடுத்து வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஒரு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு மொத்தம் இரண்டு முறை வந்தார்கள். மீதிப் பத்து மாதப் பணத்தையாவது கொடுங்கள் என்றால், சந்தா விதியில் "உயிருள்ள தாவரங்களுக்கு உத்தரவாதம் இல்லை, இடையில் ரத்து இல்லை" என்று இருக்கிறதாம். இருக்கிறது, பார்த்தேன். கட்டுமுன் நான் படிக்கவில்லை. அதோடு நிற்கவில்லை, புதுப் புல் பாய்களாக விரித்துத் தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கேட்டபோது என் காது சூடாகிவிட்டது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: வருடச் சந்தா கட்டவே கட்டாதீர்கள், ஒவ்வொரு வேலையும் முடிந்தபின் பணம் கொடுங்கள். பார்க்க வருபவரே வேலைக்கும் வருவாரா என்று கேளுங்கள். உர மூட்டை, மருந்து கேன் இரண்டின் லேபிளையும் படம் எடுத்த பிறகே கேட்டைத் திறங்கள். உரம் போட்டால் அவர்கள் நிற்கும்போதே தண்ணீர் பாய வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் மருந்து அடிக்க விடாதீர்கள். ஏற்கெனவே கருகிவிட்டதா, அவர்களுக்காகக் காத்திருக்காமல் உடனே தண்ணீரை நிறைய விட்டு உரத்தைக் கழுவி இறக்குங்கள். நான் ஆள் வரட்டும், பார்க்கட்டும் என்று நான்கு நாள் அப்படியே வைத்திருந்தேன், அதில்தான் ஓரமும் போனது.

நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன், படங்கள் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. இதை எழுதும்போதே குறுஞ்செய்தி வந்திருக்கிறது: நாளை காலை மூன்றாவது வருகையாம். கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.