கம்பெனி டிரெயினிங், வெல்னஸ் ஆப்பு, மெடிக்கல் செக்கப்: காத்தாடி டெக்னீஷியன் ஒருத்தனுக்க அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடி (காற்றாலை) சர்வீஸ்ல பல வருஷமா இருக்கேன். வெளிநாட்டு கம்பெனி, பேரு வேண்டாம். ஊழியருக்க படிப்பு, உடம்பு, மனசு எல்லாத்துக்கும் செலவு பண்ணுகோம்னு ஆபீஸ்ல போஸ்டர் நல்லாட்டு ஒட்டி வச்சிருக்காங்க, புதுசா சேரப்போற ஐடிஐ, டிப்ளமோ பயலுவ இதெல்லாம் உள்ளதாண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருக்கானுவ, அதான் எழுதுகேன். பாதி உள்ளதுதான், எந்தப் பாதின்னு பாத்துக்கிடணும்.

உருப்படியானது ஜிடபிள்யூஓ (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) சேஃப்டி டிரெயினிங். இது ஒரு கம்பெனிக்க சொந்த கோர்ஸ் கிடையாது, காத்தாடி செய்யுதவங்களும் ஓனருங்களும் சேந்து நடத்துத லாபநோக்கமில்லாத அமைப்பு போட்ட பாடம். எங்களுக்கு ஃபர்ஸ்ட் எய்டு, மேனுவல் ஹேண்ட்லிங், ஃபயர், உயரத்துல வேலை செய்யுததுன்னு நாலு மாட்யூல், கடலுக்குள்ள நிக்குத காத்தாடின்னா சீ சர்வைவலும் உண்டு. 2 வருஷத்துக்கு ஒருக்கா ரிஃப்ரெஷர் முடிக்கலன்னா செல்லாது. அதுல எனக்கு ரொம்ப பிரயோஜனப்பட்டது ரெஸ்க்யூ பிராக்டிஸ்தான், ஹார்னஸ்ல, அதாவது உடம்புல மாட்டுத சேஃப்டி பெல்ட்டுல, அசையாம தொங்கிக்கிட்டே கெடந்தா ரத்தம் காலுல தேங்கி ஆளு மயங்கிருவான், கீழ இருந்து யாராவது வரட்டும்னு பாத்துட்டு இருக்க நேரமே இருக்காது, கூட ஏறுனவன்தான் எறக்கியாகணும், டம்மிய வச்சு அத செஞ்சு பாத்தாத்தான் கைக்குப் பழகும். இன்னொண்ணு, முடிச்ச ரெக்கார்டு வின்டாங்குற டேட்டாபேஸ்ல நம்ம சொந்த ஐடில ஏறிரும், கம்பெனி மாறினாலும் நம்ம கூடவே வரும். சேர்ந்த உடனே அந்த ஐடியும் பாஸ்வேர்டும் உங்க கையில இருக்கான்னு பாருங்க, ஆபீஸ் மெயில்ல பதிஞ்சிருந்தா சொந்த மெயிலுக்கு மாத்திக்கிடுங்க.

ஆன்லைன் கோர்ஸ் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. எல்லாம் இங்கிலீஷ்ல ஓடும், மார்ச் மாசம் ஆனா டார்கெட் முடிக்கணும்னு நெருக்குவாங்க, எல்லாரும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டி சர்டிபிகேட் எடுத்துருவோம்.

வெல்னஸ் ஆப்புதான் காமெடி. மாசாமாசம் ஸ்டெப் சேலஞ்ச். நாங்க 80 மீட்டர் டவர்ல ஏணி ஏறி எறங்குதோம், ஆனா ஏறும்போது போனு பைக்குள்ள கெடக்கும், அதுல ஒரு ஸ்டெப்பும் உருப்படியா ஏறாது, பரிசு போறது ஏசி ரூம்ல இருந்து சாயங்காலம் வாக்கிங் போறவங்களுக்கு. டயட் சார்ட்டுன்னு ஒண்ணு வரும், அவகேடோ, ப்ரோக்கோலின்னு, மரச்சீனியும் மீன்கறியும் தின்னுத ஆளுகிட்ட போயி! எங்க ஊரு வாழைப்பழம் மட்டிப்பழத்த எங்கயாவது சேத்திருக்கானான்னு தேடிப் பாத்தேன், இல்ல.

வருஷாந்திர மெடிக்கல் செக்கப் நல்ல விஷயம், எங்க டீம்ல ரெண்டு பேருக்கு சுகர் இருக்கதே அதுலதான் தெரிஞ்சுது. ஆனா பிரஷர் கூடுதல்னு வந்தா டவர் ஏறவிட மாட்டாங்க, ஏறலன்னா அலவன்ஸ் போச்சு, அதனால செக்கப்புக்கு முந்துன நாளு நல்லா தூங்கி, உப்ப கொறச்சு, ஆளாளுக்கு ஒரு தந்திரம் பண்ணுவானுவ. ஏற முடியாதவனுக்கு வேற வேலை உண்டுன்னு கம்பெனி உறுதி குடுக்காத வரைக்கும் இது மாறாது, நான் அவனுவள குத்தம் சொல்ல மாட்டேன்.

அந்த வேற வேலைய ஒருக்கா குடுத்தாங்க பாருங்க, அதத்தான் நான் கணக்குல வைக்கேன். எங்க சீனியர் அண்ணன் ஒருத்தருக்கு கால்முட்டு போயிட்டு, ஏணில ஏற வயசும் இல்ல. அவர டிரோன் கோர்ஸுக்கு அனுப்புனாங்க, பிளேடுல விரிசல் இருக்கான்னு கீழ நின்னே படம் எடுக்கதுக்கு. 2021 டிரோன் விதிப்படி பத்தாங்கிளாஸ் பாஸ், வயசு 18ல இருந்து 65க்குள்ள, அங்கீகாரம் உள்ள எடத்துல பயிற்சி, இவ்ளோ போதும், ரிமோட் பைலட் சர்டிபிகேட் 10 வருஷத்துக்கு செல்லும். ஃபீஸ் கம்பெனி கட்டுச்சு, போன நாளு டியூட்டியாட்டே கணக்காச்சு, பதிலுக்கு உடனே வேலைய விட்டுப் போகமாட்டேன்னு பாண்டு எழுதி வாங்குனாங்க, அது நியாயந்தான். முட்டுக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்த மனுஷன் இப்ப நிம்மதியா இருக்காரு. என்னைக் கேட்டா அந்த ஒரு கோர்ஸ் நூறு யோகா செஷனுக்கு சமம் ஆக்கும்.

கவுன்சிலிங் ஹெல்ப்லைனும் உண்டு. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் கணவாய் காத்து வீசுத சீசன்ல ராத்திரி பகல்னு பிரேக்டவுன் கால் வரும், மெஷின் நின்னா மேல இருந்து கேள்வி, தூக்கம் கிடையாது, வீட்ல சண்டை. அப்படி ஒரு நாளு நான் கூப்பிட்டா ஹிந்தியா இங்கிலீஷான்னு கேட்டு, தமிழ்ல பேச ஆளு திரும்பக் கூப்பிடும்னு சொன்னாங்க. அதுக்குப் பதிலா அரசாங்கத்துக்க மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 இருக்கு, எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசும் கிடையாது, ஆபீஸுக்குத் தெரிஞ்சிருமோன்னு பயமும் வேண்டாம்.

ஒரு பெரிய ஓட்டை என்னன்னா, இதுல எதுவுமே கான்ட்ராக்ட் ஆளுகளுக்கு கிடையாது. டிரைவர், ஹெல்பர், செக்யூரிட்டி யாருக்கும் லாகின் இல்ல. மேல எங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கீழ ஜீப்போட நிக்கது அந்த டிரைவர்தானே, அவருக்கு ஃபர்ஸ்ட் எய்டு படிச்சுக் குடுக்க எவ்ளோ செலவாகிரும்? காத்து கொறஞ்சு மெயின்டனன்ஸ் தொடங்குத அக்டோபர்ல அவங்களுக்கும் அரைநாளு கிளாஸ் வைக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கோம், மேனேஜர் மேலிடத்துல கேக்கேன்னு சொல்லியிருக்காரு.