திருப்பம் வந்தால் வெள்ளையாகும் படம்: சொந்தச் செயற்கைக்கோள் வரைபடம், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

சிக்னல் இல்லாத இடத்துக்குச் சொந்தமாகச் செயற்கைக்கோள் படம் தயாரித்து வழிகாட்டிச் செயலியில் ஏற்றிக்கொள்வது மெனக்கெடத் தகுந்த வேலையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். படத்தைப் பற்றிக் கேட்டால் ஆமாம். செயலியைப் பற்றிக் கேட்டால் கோபம்தான் வருகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன், முழுக்கப் பிரியாது.

எம்பிடைல்ஸ் (டைல் எனும் சதுரப் படத்துண்டுகளை அடுக்கிவைக்கும் ஒற்றை வரைபடக் கோப்பு) என்றால் என்ன, சென்டினல்-2 (ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டச் செயற்கைக்கோள்) படங்களை எங்கே இறக்குவது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுவது இது. பெரிய நிறுவனங்களின் ஆன்லைன் படங்களை டைல் டைலாக மொத்தமாக இறக்கிச் சேமிக்கும் குறுக்கு வழியைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவற்றின் நிபந்தனைகள் பொதுவாக அதைத் தடுக்கின்றன. சென்டினல் படங்கள் இலவசம். மாற்றிப் பயன்படுத்தலாம், பகிரலாம், கோப்பர்னிக்கஸ் தரவு என்ற குறிப்பைச் சேர்த்தால் போதும்.

முதலில் எரிச்சல். செயலியில் சும்மா வரைபடம் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஜூம் 14 (ஜூம் என்பது பெரிதாக்கும் படி) வரைக்கும்தான் என் கோப்பில் படம் உண்டு. விரலால் 16, 17 என்று பெரிதாக்கினாலும் 14-இன் டைலையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மங்கலாக இருக்கும், ஆனால் இருக்கும். வழிகாட்டலைத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. நேர்ச்சாலையில் 14-இல் நிற்கும் செயலி, திருப்பம் நெருங்க நெருங்கத் தானாகவே 16, 17-க்குப் போகிறது. அந்த நிலையில் டைலை இழுத்துக் காட்டும் வேலையை அது செய்வதில்லை. படம் போய் வெள்ளைத் தரை, அதன் மேல் நீலக் கோடு. திருப்பத்தைத் தாண்டியதும் படம் திரும்பி வருகிறது. எந்த இடத்தில் படம் தேவையோ அந்த இடத்தில் மட்டும் இல்லை.

14 என்ற எண் நான் பிடிவாதமாக வைத்தது அல்ல. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் அமைப்பில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறை), 256 பிக்சல் டைல் கணக்கில், நிலநடுக்கோட்டருகே ஜூம் 14-இன் ஒரு பிக்சல் 9.55 மீட்டர். சென்டினல்-2 தரும் நிறப்படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர். இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. துருவப் பக்கம் போகப் போக அட்சரேகையின் கொசைனால் அந்த 9.55 சுருங்கும், 60 பாகையில் ஜூம் 13-லேயே அதே துல்லியம் கிடைத்துவிடும். அதற்கு மேல் ஜூம் கூட்டினால் கோப்புதான் பருக்கும், ஒரு புது விவரமும் வராது.

செயலியின் மேல் பழி போடுவதற்கு முன் கோப்பைச் சரிபார்ப்பது நியாயம். எம்பிடைல்ஸ் என்பது ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளம்தான். அதில் மெட்டாடேட்டா என்ற அட்டவணையில் குறைந்தபட்ச ஜூம், அதிகபட்ச ஜூம், எல்லை ஆகியவை இருக்க வேண்டும். அதிகபட்ச ஜூம் வரி இல்லாவிட்டால் சில செயலிகள் தாமாக ஏதோ ஓர் எண்ணை ஊகித்து, இல்லாத டைலைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்த வரி இருந்தும் வெள்ளையானால் குற்றம் செயலியுடையது. என் கோப்பில் அந்த வரி இருக்கிறது. செயலி இரண்டு பெரிய பதிப்புகளைத் தாண்டி வந்துவிட்டது. பொத்தான்களின் வடிவம் மாறியது, நிறம் மாறியது, இது மாறவில்லை.

இதே வரிசையில் இன்னொரு குழப்பம் உண்டு, அது செயலியின் தவறல்ல. எம்பிடைல்ஸில் டைல் வரிசை எண் தெற்கிலிருந்து வடக்காக ஏறும். பெரும்பாலான இணைய டைல்கள் வடக்கிலிருந்து தெற்காக எண்ணப்படும். கோப்புறையாக வெட்டிய டைல்களைச் சொந்த ஸ்கிரிப்டால் உள்ளே தள்ளுபவர்கள் ஜூம் 14-இல் 16,383-லிருந்து வரிசை எண்ணைக் கழித்துப் போட வேண்டும். மறந்தால் படம் தலைகீழாகக் கூடத் தெரியாது. பூமியின் எதிர் அரைக்கோளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், உங்கள் ஊர் இருக்கும் இடம் காலியாக இருக்கும். ஜிடால், க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள்கள் இரண்டும் இதைத் தாமே சரியாகச் செய்கின்றன.

வெள்ளைத் திருப்பத்துக்கு மாற்று வழி இருக்கிறது: மூலப் படத்தையே பெரிதாக்கிப் பொய்யாக ஜூம் 15, 16 தயாரிப்பது. விலை என்ன? நிலநடுக்கோட்டருகே 100 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஜூம் 14-இல் சுமார் 1,700 டைல்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் நான்கு மடங்கு. 16-இல் ஏறத்தாழ 27,000, 17-இல் ஒரு லட்சத்துக்கு மேல். 14 மட்டுமானால் ஜேபெக் தரம் 80-இல் சில பத்து எம்பி. கீழ் ஜூம்கள் அத்தனையும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்குதான் கூட்டும். 16-க்குப் போனால் நடுவில் உருவாகும் சுருக்கப்படாத படமே 5 ஜிபியைத் தாண்டும். மெமரி கார்டு எஃப்ஏடி32 என்ற பழைய வடிவமைப்பில் இருந்தால் எந்தத் தனிக் கோப்பும் 4 ஜிபியைத் தொட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதனால் முழுப் பரப்புக்கும் 16 வேண்டாம். பாதையின் இருபுறமும் அரை கிலோமீட்டர் போதும். 100 கிலோமீட்டர் நேர்ப்பாதைக்கு 16-இல் ஐந்நூறு டைல் அளவில் முடிந்துவிடும். பாதை வளைந்து நெளிந்தால் சற்றுக் கூடும். செய்யும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. படத்தைப் பாதையின் ஓரமாகக் கத்தரித்துவிட்டு டைல் போட்டால், ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி கிடையாது என்பதால் விளிம்பு டைல்கள் பாதி கறுப்பாக வரும். கத்தரிக்காமல் முழுப் பரப்புக்கும் கணினியில் 16 வரை டைல் போட்டு, பிறகு பாதையைத் தொடாத டைல்களைத் தரவுத்தளத்திலிருந்து டிலீட் கட்டளையால் நீக்குவதே சுத்தம். நீக்கியபின் வேக்யூம் (காலியான இடத்தைச் சுருக்கும் கட்டளை) ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் உள்ளே டைல் இருக்காது, கோப்பின் அளவு மட்டும் அப்படியே இருக்கும். ஜூம் 14-ஐயும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் இந்தப் பெரிதாக்கிய படத்திலிருந்து எடுக்க வேண்டாம். பெரிதாக்கித் திரும்பச் சிறிதாக்கினால் கூர்மை ஒரு படி குறையும். மூலப் படத்திலிருந்து தனியாக 14 வரை ஒரு கோப்பு, 15-16-க்கு ஒரு கோப்பு, கடைசியில் இரண்டையும் எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் இணைத்துவிடலாம். இணைத்தபின் மெட்டாடேட்டாவில் அதிகபட்ச ஜூமை 16 என்று மாற்ற மறக்கக் கூடாது.

இத்தனையும் ஒரு செயலி இரண்டு வரி நிரலில் செய்திருக்க வேண்டிய வேலைக்காக. பாதை மாறினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். கோபம் தணியும் இடம் இது.

சென்டினல் தொகுப்பில் டிசிஐ என்று தயாராக ஒரு நிறப்படம் கிடைக்கும். அவசரத்துக்கு அது போதும், நெடுநாளைக்குப் போதாது. வளிமண்டலத் திருத்தம் செய்த எல்2ஏ தொகுப்பில், நிலத்தின் எதிரொளிப்பு 0.2-ஐத் தொட்டதும் அந்தப் படத்தில் 255, அதாவது உச்ச வெளிச்சம், ஆகிவிடும். ஆற்று மணல், உப்பளம், புதுக் கான்கிரீட், வறண்ட வயல் எல்லாம் ஒரே வெள்ளை. மணலுக்குள் போகும் மண்பாதையைத் தேடுபவருக்கு அது பயனற்ற படம். பி04, பி03, பி02 பட்டைகளைத் தனித்தனியாக எடுத்து, விஆர்டியில் (பட்டைகளைச் சேர்த்துக் காட்டும் ஜிடால் கோப்பு) சிவப்பு, பச்சை, நீலமாக அடுக்கி, அளவீட்டை நாமே வைப்பது நல்லது. 1000 முதல் 4000 வரையிலான மதிப்புகளை 1 முதல் 255 ஆக்கி, எக்ஸ்போனென்ட் (வெளிச்ச வளைவு, 1-க்குக் கீழே போனால் படம் வெளிச்சமாகும்) 0.7 கொடுத்தால் காடும் கறுப்பாகாது, மணலும் வெளுக்காது. வெயிலில் திரையைப் பார்ப்பவர் 0.6 வரை இறங்கலாம்.

அந்த 1000 முக்கியம். 2022 ஜனவரி 25 முதல் புதுச் செயலாக்க முறை வந்து, எல்லா மதிப்புகளிலும் 1000 கூட்டப்பட்டது. அதற்கு முந்தைய முறையில் தயாரானவற்றுக்கு 0 முதல் 3000 என்று கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவீட்டில் ஒட்டினால் ஒரு பாதி பளிச்சென்றும் மறுபாதி இருண்டும் நிற்கும். பலர் இதைப் பருவ வேறுபாடு என்று நினைத்து ஃபோட்டோஷாப்பில் நிறம் திருத்த உட்காருகிறார்கள். படம் எடுத்த தேதியைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் பழைய படங்களும் புது முறையில் மறுபடி செயலாக்கப்பட்டு வந்திருக்கின்றன. கோப்புப் பெயரில் 'என்' எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1000 உண்டு.

மேகத்தைக் கண்டுபிடிக்க எஸ்சிஎல் என்ற வகைப்பாட்டு அடுக்கு இருக்கிறது, ஆனால் அது 20 மீட்டர் அடுக்கு. வெள்ளைக் கூரைகளையும் மணல்திட்டையும் மேகம் என்று சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. பல தேதிகளின் இடைநிலை மதிப்பை எடுத்து மேகமில்லாப் படம் செய்வதைப் பலர் சிலாகிக்கிறார்கள். பார்க்க அழகுதான், வழி தேட உதவாது. ஏரி எந்த மட்டத்தில் இருந்தது என்றே அதில் தெரியாது, நீர்க்கரை எந்த நாளிலும் இல்லாத ஒரு சராசரிக் கரையாகிவிடும். மேகமில்லாத ஒரே நாளின் படம் எனக்கு மேல்.

மற்றவை சுருக்கமாக. இபிஎஸ்ஜி 3857-க்கு (முன்பு சொன்ன மெர்கேட்டர் அமைப்பு) மாற்றுவதை ஒரே ஒருமுறை, க்யூபிக் முறையில் செய்யுங்கள் (பிக்சலை மறுகணக்கிடும் வழிகளில் இது ஒன்று, லான்சோஸ், ஆவரேஜ், நியரெஸ்ட் மற்றவை). லான்சோஸ் மேக விளிம்பிலும் நீர்க்கரையிலும் வளையம் போடும். கீழ் ஜூம்களுக்கு ஆவரேஜ். நியரெஸ்ட் கொடுத்தால் நகரும்போது படம் முழுக்கப் புள்ளி மினுங்கும். க்யூஜிஐஎஸ் வழியாக டைல் போடுபவர்கள் அடுக்கின் ரீசாம்பிளிங் அமைப்பை மாற்ற வேண்டும், இயல்பில் அது நியரெஸ்ட். அட்சரேகை-தீர்க்கரேகை அமைப்பிலேயே விட்ட படத்தை மெர்கேட்டர் என்று ஏமாற்றி ஏற்றினால் வடக்கு தெற்காக நழுவும். "ஜிபிஎஸ் தப்பாகக் காட்டுகிறது" என்ற புகார்களில் இது அடிக்கடி ஒளிந்திருக்கும். கோப்பைச் செயலியின் சொந்தக் கோப்புறையில் மட்டும் வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் செயலியை நீக்கினால் அந்தக் கோப்புறையும் சேர்ந்து போய்விடும்.

எதிர்பாராத இன்பம் ஒன்று பி08. அண்மை அகச்சிவப்புப் பட்டை, அதுவும் 10 மீட்டர். பி08, பி04, பி03 என்று அடுக்கினால் செடிகொடி சிவப்பாகவும் நீர் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் வரும். விளையாட்டாகச் செய்து பார்க்கும் கோப்பு என்று நினைத்தால், நாளடைவில் இயல்பான நிறப்படத்தை ஓரம் தள்ளிவிட்டது. காட்டுக்குள் வெட்டிய பாதை சிவப்புக்கு நடுவே வெளிர்கோடாக நிற்கிறது. நிறப்படத்தில் ஆழமான நிழலும் நீரும் ஒன்றாகத் தெரியும் இடத்தில்கூட இதில் ஏரி, வாய்க்கால், வெள்ளம் தேங்கிய வயல் ஆகியவற்றைச் சட்டென்று பிரித்தறியலாம். ஆற்றுப்படுகையில் நீர் எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடுகிறது என்று போன வாரப் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஒரே இடத்தின் மேல் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப் படம் விழுகிறது. எந்த ஆயத்த வரைபடமும் தராத புதுமை அது. 10 மீட்டருக்கும் குறுகலான ஓடையையோ ஒற்றையடிப் பாதையையோ இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இரவுப் பயணத்துக்கு ஒரு சிறு குறிப்பு. செயலியின் இரவு நிறம் சாலைகளுக்குத்தான், நாம் ஏற்றிய படத்தைத் தொடுவதில்லை. எக்ஸ்போனென்ட் 1.3-இல் இருண்ட கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் கண் கூசாது.

இனி நண்பருக்கான பதில். நகரத்துக்குள் ஓட்டுபவர் இதைத் தொட வேண்டாம். சிக்னல் அறுந்த காடு, ஆற்றங்கரை, புதிதாக வெட்டிய சாலைகள் என்று அலைபவர் கட்டாயம் செய்ய வேண்டும், இதைவிடப் பயனுள்ள கோப்பு கைப்பேசியில் வேறொன்று இருக்காது. ஆனால் செயலிக்குப் பணம் கட்டும் முன் ஒரு சோதனை. ஜூம் 10 வரை மட்டும் உள்ள சின்ன எம்பிடைல்ஸ் ஒன்றை ஏற்றுங்கள், அதில் ஒரு பாதையைப் போட்டு உருவகப் பயணத்தை (சிமுலேஷன்) ஓடவிடுங்கள். திருப்பத்தில் படம் மங்கலாகவாவது நின்றால் வாங்கலாம். வெள்ளையானால் வேறு செயலி பாருங்கள்.

நான் பயன்படுத்துவதற்கு 5-க்கு 2. ஆமாம், இத்தனை புகழ்ந்த பிறகும் 2. அகச்சிவப்புப் படத்துக்கு மட்டும் மதிப்பெண் கேட்டிருந்தால் 5 கொடுத்திருப்பேன். அதைச் செய்தது செயலி அல்ல. சந்தா முடியப்போகிறது, அடுத்த பதிப்பில் டைலை இழுத்துக் காட்டினால் மட்டும் புதுப்பிப்பேன்.