கொழுப்பு பார்க்கும் எடை மெஷினோடு மூன்று ஆண்டுகள்

சென்ற மாதம் இது பழுதானது. இடது காலில் சாய்ந்து நின்றால் 58 கிலோ, வலது காலில் சாய்ந்தால் 51. ஏழு கிலோ குறைய ஒரு நொடி போதும் என்பதில் சற்று நேரம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு துணிப்பையில் போட்டு சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் மெஷினைக் கவிழ்த்து, அடியிலிருந்த நான்கு கால்களில் ஒன்றைக் கழற்றி, அறுந்திருந்த முடி போன்ற கம்பி ஒன்றைச் சூடுவைத்து ஒட்டினார். 150 ரூபாய். "எடையைச் சொல்வது இந்த நாலு கால்தான் மேடம். மேலே இருக்கிற வெள்ளித் தகடெல்லாம் கொழுப்பு பார்க்க. அது சும்மா" என்றார். அந்தச் "சும்மா"வை நான் தெரிந்துகொள்ள ஒரு கால் எலும்பைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அதே வாரம் ஒரு தோழி கேட்டாள். 2022 ஜூலையில் நான் 2,799 ரூபாய்க்கு வாங்கிய இதே மெஷின் இப்போது 1,299க்குக் கிடைக்கிறதாம். "ஐந்து கிலோ குறைத்துவிட்டு ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகலாம் என்று பார்க்கிறேன். வாங்கலாமா, சொல்லுடி." வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன். எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. இந்த வகை மெஷின்கள் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எடையைச் சரியாகக் காட்டும். அடுத்தடுத்து மூன்று முறை ஏறினாலும் நூறு கிராமுக்கு மேல் மாறாது. பேட்டரி ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். ஈரக் கையோடு துடைத்திருக்கிறேன், கண்ணாடி மங்கவில்லை. ஒரு முறை என் மகன் அதன்மேல் குதித்தும் பார்த்துவிட்டான்.

இப்போது அந்தக் கொழுப்பு சதவீதத்துக்கு வருவோம்.

வெறுங்காலோடு ஏறினால், ஒரு காலின் வழியாகச் சிறு மின்னோட்டம் ஏறி மறுகாலின் வழியாக இறங்குகிறது. உணரக்கூட முடியாத அளவுதான். (பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஏறக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?) தண்ணீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாக விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை அளந்து, நாம் கொடுத்த உயரம், வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு விடை சொல்கிறது. ஆக இது அளப்பது கொழுப்பை அல்ல, தண்ணீரை. அதுவும் பெரும்பாலும் காலில் இருக்கும் தண்ணீரை. சென்னையில் ஓடுகிறவளுக்கு இதைவிடக் கேலி ஒன்று வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலை 21 கிலோமீட்டர் ஓடிவிட்டு, உடம்பெல்லாம் உப்புப் பூத்து வந்து ஏறினால், போகும்போது 29 என்று சொன்னது வந்ததும் 31 என்கிறது. இரண்டு மணி நேரம் ஓடியதில் எனக்குக் கொழுப்பு கூடிவிட்டதாம்.

அதைவிட எரிச்சல், மெஷினோடு இணையும் செல்போன் செயலியில் உள்ள "விளையாட்டு வீரர்" பொத்தான். அதை அழுத்தினால் சூத்திரம் மாறும். ஒரு நாள் காலை 31இல் இருந்தேன். அழுத்தினேன், 22. மீண்டும் அழுத்தினேன், 31. பிற்பாடு மருத்துவர் சொல்லி, எக்ஸ்-கதிரால் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தபோது 26 என்று வந்தது. மெஷினின் இரண்டு எண்களில் ஒன்றுகூட அதன் அருகில் இல்லை.

இதையெல்லாம் இன்று கிண்டலாக எழுத முடிகிறது. 2022 ஆகஸ்டில் நான் அந்த எண்ணை வேதவாக்காக நம்பினேன்.

அப்போது என் எடை 64. வயது 36, உயரம் 158 சென்டிமீட்டர். ஜனவரியில் முதல் முழு மாரத்தான். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ஓடுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பொய்யும் இல்லை, ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது, சுமை குறைந்தால் செலவும் குறையும். செயலியில் 57 என்று இலக்கு வைத்தேன். அது நாளுக்கு 1,300 கலோரி என்றது. வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிறவளா, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளா என்று அது கேட்கவே இல்லை.

முதல் பத்து நாளில் இரண்டு கிலோ இறங்கியது. சோற்றைக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான். மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து நிற்கும். சோறு போனால் கிளைகோஜன் போகும், கூடவே தண்ணீரும் போகும். குறைந்தது நீண்ட ஓட்டத்துக்கான எரிபொருள், கொழுப்பு அல்ல. செயலியோ பட்டாசு வெடித்தது. உண்மையாகவே திரை முழுக்க வண்ணத்தாள்கள் பறந்தன.

செப்டம்பரில் வேக ஓட்டங்கள் கனத்தன. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. "என்னம்மா இப்படி உருகிப்போய்விட்டாய்" என்று அம்மா கேட்டதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அக்டோபரில் மாதவிடாய் வரவில்லை. பயிற்சி கடுமையானால் அப்படித்தான் என்று ஓட்டக் குழுவில் ஒருவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். நவம்பரிலும் வரவில்லை. அந்த மாதம்தான் எடை 60ஐத் தொட்டது. "அருமை! இந்த மாதம் உங்கள் சிறந்த மாதம்" என்று செயலி வாழ்த்தியது. அந்த வாழ்த்தைத்தான் மூன்று ஆண்டுகளாக என்னால் மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் கடைசியில் வலது கணுக்காலுக்கு மேலே, உள்பக்க எலும்பில், விரலால் அழுத்திக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஓட்டத்தின் ஓயாத அழுத்தத்தால் எலும்பில் வந்த காயம். விளையாட்டு மருத்துவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" என்பதுதான். எனக்குக் காலில் வலி, இவர் எதைக் கேட்கிறார் என்று விழித்தேன்.

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். டெக்ஸா கணக்கில் கொழுப்பு நீங்கலாக என் உடல் 45 கிலோ. நான் சாப்பிட்டது 1,300. ஓட்டத்துக்குச் சராசரியாக ஒரு நாளில் போனது 510. மிச்சம் 790. அதை 45ஆல் வகுத்தால் பதினேழரை. இதயம், எலும்பு, ஹார்மோன் என உடலின் மற்ற எல்லா வேலைக்கும் நான் விட்டுவைத்தது கிலோவுக்குப் பதினேழரை கலோரி. இந்தக் கணக்கு 30க்குக் கீழே போனால் மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் துடிப்பு குலைகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஆன் லூக்ஸ் 2003இலேயே காட்டியிருக்கிறார். 30 என்பது எல்லாருக்கும் பொதுவான கோடு அல்ல, ஆளுக்கு ஆள் மாறும் என்றும் மருத்துவர் சொன்னார். ஆனால் பதினேழரையில் நிற்பவளுக்கு அந்த நுணுக்கம் எதற்கு? பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்கு "ரெட்-எஸ்", அதாவது விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை, என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் இது வரும். என்ன, எங்களுக்கு மாதாமாதம் ஒரு எச்சரிக்கை மணி இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

2023 ஜனவரியில் மற்றவர்கள் ஓட, நான் காயம்பட்ட காலில் மருத்துவக் காலணியோடு உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டில் நீட்டினேன். அந்த நாட்களில்தான் மேரி கெய்ன் பற்றிப் படித்தேன். 2013இல் 17 வயதில் மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் இறுதிச்சுற்று வரை ஓடிய அமெரிக்கப் பெண். எடையைக் குறை, குறை என்ற நெருக்கடியில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அப்படி நெருக்கடி கொடுக்கப் பயிற்சியாளர் யாரும் இல்லை. நானே காசு கொடுத்து ஒரு கண்ணாடித் தட்டை வாங்கி வைத்திருந்தேன்.

உடைத்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கட்டிலுக்கு அடியில் ஓர் ஆண்டு கிடந்தது.

இரண்டாவது முயற்சி 2024 பிப்ரவரியில். அதற்குள் மாதவிடாய் ஒழுங்குக்கு வந்து, எடையும் 63க்குத் திரும்பியிருந்தது. இந்த முறை எடை குறைப்பதை மாரத்தான் பயிற்சி தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே வைத்துக்கொண்டேன். பிப்ரவரி முதல் மே வரை ஓட்டமெல்லாம் மெதுவானவை, பந்தயம் ஏதும் இல்லை. தினமும் சராசரியாக 2,000 கலோரி. உடலுக்குத் தேவையானதைவிட 250 மட்டும் குறைவு. அதையும் நீண்ட ஓட்ட நாளிலும் வேக ஓட்ட நாளிலும் குறைக்கவில்லை, ஓய்வு நாளிலும் எளிய நாளிலும்தான். மாதம் ஒரு கிலோ. செயலி "உங்கள் முன்னேற்றம் மந்தமாக உள்ளது" என்று புலம்பிக்கொண்டே இருந்தது. வேகமாகக் குறைத்தவர்களைவிட மெதுவாகக் குறைத்தவர்களிடம் தசை நன்றாக இருந்ததாக 2011இல் நார்வே வீரர்களிடம் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. பளு தூக்கும் பயிற்சியும் அவர்கள் செய்தார்கள். நானும் வாரம் இரண்டு நாள் செய்தேன்.

இந்த நான்கு மாதங்களில் உண்மையில் உழைத்தது இன்னொரு தராசு. 450 ரூபாய்க்கு வாங்கிய சமையலறைத் தராசு. புளூடூத் கிடையாது, வாழ்த்தும் கிடையாது. தோசைக்கு நான் ஊற்றும் "கொஞ்சம்" நல்லெண்ணெயை நிறுத்துப் பார்த்தேன்: 22 கிராம். கிட்டத்தட்ட 200 கலோரி. எதிர்ப்பக்கத்தில், ஓடிவிட்டு வந்து நான் சாப்பிட்டது வெறும் இரண்டு இட்லி. நாள் முழுக்கக் கூட்டினால் புரதம் 40 கிராம்கூட வரவில்லை; எனக்கு வேண்டியதோ 95க்கு மேல். முட்டை, தயிர், சுண்டல், மீன் என்று கூட்டினேன். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பாட்டி சொல்வார். நான் இரண்டையும் சாப்பிட்டேன், எந்த வகையில் சேர்வேன் என்று தெரியாததால். கடிகாரம் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடுவதையும் நிறுத்தினேன். 2017இல் ஸ்டான்போர்டில் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் மிகச் சிறந்ததே 27 சதவீதம் பிசகியதாம்.

கட்டிலுக்கு அடியில் கிடந்ததையும் வெளியே எடுத்தேன். காலையில் ஒரு முறை ஏறி, ஏழு நாள் சராசரியை மட்டும் நோட்டில் எழுதினேன். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஒரு கிலோ ஏறும், பிறகு தானாக இறங்கும். அதையும் அந்தச் சராசரி பொறுமையாகக் காட்டியது. இன்னொரு பயனும் கிடைத்தது. நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஏறிப் பார்த்தேன். 600 மில்லி குடித்தும் 1.7 கிலோ இறங்கியிருந்தது. அதாவது இரண்டரை மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டருக்கு மேல் வியர்வை. வழியில் நான் குடித்தது கால்வாசிதான். இந்த மெஷின் எனக்குச் செய்த ஒரே பெரிய உதவி இதுவென்றால், அது சின்ன உதவி அல்ல. அடுத்த ஓட்டங்களில் கடைசி ஐந்து கிலோமீட்டரில் தலை சுற்றுவது நின்றது.

மே முடிவில் 59. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். 57 எங்கிருந்து வந்த எண் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

2025 ஜனவரியில், நேப்பியர் பாலத்திலிருந்து இருட்டில் கிளம்பி 42 கிலோமீட்டரை 4 மணி 19 நிமிடத்தில் முடித்தேன். அதற்கு முந்தைய மூன்று நாள் சோறு, இட்லி, உருளைக்கிழங்கு என்று கிளைகோஜனை நிரப்பினேன். எடை 59.1இலிருந்து 60.4க்கு ஏறியது. செயலியில் சிவப்பு அம்பு, "கவனம் தேவை." பந்தயம் முடிந்த மறுநாள் செயலியை நீக்கினேன்.

ஆனாலும் சனியன் விடவில்லை. செயலி இல்லாவிட்டாலும் எடையைக் காட்டி முடித்ததும் கண்ணாடியிலேயே கொழுப்பு எண் மின்னும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் போகும். ஒரு நாள் ஓடக் கிளம்பும் அவசரத்தில் சாக்ஸோடு ஏறினேன். எடை வந்தது. கொழுப்பு வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். துணி நடுவில் இருந்தால் மின்னோட்டம் ஏறாது, அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளில் இந்த மெஷின் எனக்குத் தந்த மிகப்பெரிய மகிழ்ச்சி அந்தக் கோடுகள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. எடை பார்க்க மட்டும் என்றால் நான்கு. எடை பார்க்க மட்டும் என்றால் 600 ரூபாயில் வேறொன்று கிடைக்கும், எனவே மீண்டும் இரண்டு. இவ்வளவு திட்டிவிட்டு ஏன் 150 ரூபாயும் அரை நாள் விடுப்பும் செலவழித்து ரிச்சி தெருவில் சரிசெய்தாய் என்று என் கணவர் கேட்டார். பதில் இல்லை. பழகிவிட்டது.

தோழிக்கு "வாங்காதே" என்று மட்டும் அனுப்பினேன். அதற்குள் வாங்கிவிட்டாளாம். நேற்று இரவு படம் அனுப்பியிருந்தாள்: "34 காட்டுகிறதுடி, நாளையிலிருந்து சோற்றை நிறுத்திவிடட்டுமா?"

சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறு, காலையில் வந்து பேசுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். போகும்போது சமையலறைத் தராசையும் எடுத்துப்போக வேண்டும்.