வயலிலேயே கணக்குப் போடும் பெட்டி: ஒரு குறுவைக்கு அப்புறம்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு வேலி நிலம். மூன்று இடத்தில் ஓட்டை போட்ட பிவிசி குழாயைப் புதைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் தண்ணீர் மட்டத்தை அளக்க ஒரு பெட்டி. நாலாவது பெட்டி மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டரோடு; மற்ற மூன்றும் சொல்வதைக் கேட்டு, சராசரி போட்டு மோட்டாரை ஓட்டுவது அதுதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு இது புரியும்: குழாய்த் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினால்தான் மறுபடி பாய்ச்சல்.

முன்பு வைத்திருந்த சிம் கார்டு வகை அளந்ததையெல்லாம் அனுப்பி, மூன்று வாரத்தில் பேட்டரியைத் தின்றுவிடும். இது லோரா, அதாவது சிம் இல்லாமல் குறைந்த கரண்டில் வெகுதூரம் பேசும் ரேடியோ; ரீசார்ஜ் கிடையாது. அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம், கணக்கை வயலிலேயே போடுவது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்து, சராசரி எடுத்து, மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினால்தான் வாயைத் திறக்கும். கணக்குக்கு ஆகும் கரண்டைவிட ரேடியோவில் பேச ஆகும் கரண்டு பல மடங்கு. ஜூனில் போட்ட பேட்டரி அறுவடை வரை வந்தது.

நண்டு வளைச் சேறு குழாயை அடைத்தால் மட்டும் ஏமாந்துபோவோம். மட்டம் மாறாது, பெட்டியும் பேசாது. நைலான் வலை சுற்றிவிட்டேன்.

பெரிய குறை மழையில்தான் தெரிந்தது. ஆடியில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. மூன்று வயலிலும் மட்டம் சேர்ந்தாற்போல் ஏற, மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில் பேச, கொட்டகைப் பெட்டியின் காதில் பக்கத்துப் பெட்டியின் பேச்சு மட்டும் விழுந்தது. மற்ற இரண்டுக்கும் பழைய அளவை வைத்தே சராசரி போட்டு, மழையிலும் மோட்டார் விடிய விடிய ஓடியது. கம்பெனிக்குப் போன் போட்டால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

அக்கா மகன் தஞ்சாவூரில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) படிக்கிறான். "மாமா, உங்களுக்கு வேண்டியது சராசரிதானே? அப்படின்னா ரேடியோ அலைகள் காற்றில் கலக்கிறது நஷ்டமே இல்லை. காற்றே கூட்டிக் கொடுத்துடும்" என்றான். 2007-இல் போபக் நேசர், மைக்கேல் காஸ்ட்பர் என்ற இருவர் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டியிருக்கிறார்களாம். எனக்கு நடவுக் குலவைதான் ஞாபகம் வந்தது. யார் குரல் என்று பிரியாது, எத்தனை பேர் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அதற்கு எல்லா அலையும் ஒரே கணத்தில், தூரத்துக்குத் தக்க பலத்தோடு வந்து சேர வேண்டும். இந்தப் பெட்டிக்கு அந்த வித்தை தெரியாது.

சரி, இப்போதைக்கு மூன்றும் ஒரே நேரத்தில் பேசாதபடி ஒவ்வொரு பெட்டிக்கும் 7, 19, 31 விநாடி என்று தாமதம் வைத்துத் தந்திருக்கிறான். ஐப்பசி அடைமழை வரட்டும், பார்க்கலாம். அதுவரை ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.