குன்னூர் ஸ்டூடியோவா, கோவை டீமா? மலைக் கல்யாணத்துக்கு யார்?

தங்கை கல்யாணம் ஐப்பசியில், குன்னூரில். போட்டோவுக்குக் கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்: பல வருடமாக மலையில் கல்யாணம் எடுக்கிற பஜார் ஸ்டூடியோக்காரர், இன்ஸ்டாகிராமில் அசத்துகிற ஒரு கோவை டீம். நாங்கள் ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

பணக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது. கோவை டீம் என்றால் பேக்கேஜுக்கு மேல் வண்டி வாடகை, ரூம், சாப்பாடு. காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு முந்தின நாளே மலையேறியாக வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேறு. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றி வர வேண்டும். சரி, இதற்காக மட்டும் ஒரு நல்ல டீமை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

முடிவு செய்ய வைத்தது மூடுபனி.

கீழே சமவெளியில் வெளிச்சம் போதாவிட்டால் ஃப்ளாஷைக் கூட்டினால் ஆயிற்று. ஐப்பசிக் குன்னூரில் பனி மண்டப வாசல் வரை வந்து நிற்கும். கேமரா மேல் மாட்டிய ஃப்ளாஷை நேராக அடித்தால், ஒளி காற்றில் மிதக்கிற நீர்த்துளிகளில் பட்டு லென்ஸுக்கே திரும்பும். படம் முழுக்க வெளுப்பு, பொண்ணு மாப்பிள்ளை எங்கேயோ பின்னால். எங்கள் ஆள் ஃப்ளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் வைத்துவிட்டார். பனி வெளிச்சத்தில் நீலம் வேறு பாயும். கவனிக்காமல் விட்டால் மாநிறத் தோல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு படத்தை இருட்டடித்துவிடும். வெள்ளை உடையும் வெள்ளைத் தலைப்பாகையுமாக நிற்கிற, நீலகிரி படுகர் சமூகத்துக் கல்யாணங்களை எடுத்துப் பழகியவருக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்ற, அதாவது கேமராவுக்குள் போகிற ஒளியை இரட்டிப்பாக்க, யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் லென்ஸ். வெளிக்குளிரிலிருந்து கூட்டம் நெரிகிற மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் ஆவி படியும். துடைத்தாலும் கண்ணாடி சூடேறும்வரை மறுபடி படியும். தாலி அதுவரை காத்திருக்காது. அவர் ஒரு கேமராவை விடியுமுன்பே மண்டபத்துக்குள் வைத்துவிட்டார், வாசலில் எடுக்க இன்னொன்று. கோவை டீம் காட்டிய மாதிரி ஆல்பங்கள் அழகுதான், ஆனால் எல்லாம் பளிச்சென்ற வெயிலில் எடுத்தவை. ஊட்டியில் எடுத்த ஒன்றுகூட ஏப்ரல் மாதத்துக் கல்யாணம்.

வீடியோ விஷயம் வேறு. அதில் கோவை டீம் ஒரு படி மேல் என்றுதான் நினைக்கிறேன். நான் பார்த்தது ரீல்ஸ் மட்டும், முழு வீடியோ அல்ல. எங்களுடைய வீடியோ சுமார்தான். அதில் போட்ட பாட்டுகளைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நல்லது, சித்திக்கு மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. ட்ரோனை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. வெலிங்டன் ராணுவப் பகுதி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, எதற்கு வம்பு.

சித்திரை, வைகாசிக் கல்யாணம் என்றால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும். வெயில் இருக்கும், தாராளமாகக் கோவை டீமைப் பாருங்கள். சீசன் நேரம் என்பதால் அவர்களுக்கு ரூம் மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஐப்பசி என்றாலோ, தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற கூடலூர்ப் பக்கம் ஆவணி என்றாலோ, யாராக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்குமுன் பனியிலோ மழையிலோ எடுத்த ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் கேளுங்கள். பொறுக்கி எடுத்த நாலு படத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.