வின்ச் வடம் மாற்றும்போது: உருக்குக் கம்பியா, செயற்கை இழையா, எப்படிப் பிணைப்பது?

பழுதான வாகனங்களை இழுத்து ஏற்றும் மீட்பு வண்டியில், வின்ச்சின் (டிரம் எனும் உருளையில் வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறியின்) வடம் தேய்ந்துவிட்டால், மறுபடியும் உருக்குக் கம்பி வடமே போடுவதா, செயற்கை இழைக் கயிற்றுக்கு மாறுவதா என்பதோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வடத்தின் இரு முனைகளையும் எப்படிப் பிணைக்கிறோம் என்பதற்கும் அதே அளவு கவனம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வலிமையைப் பார்ப்போம். 3/8 அங்குலத் தடிமனில், உருக்கு நடுவடம் (புரிகளுக்கு நடுவே ஓடும் உள்வடம்) கொண்ட உயர்தரக் கம்பி வடம் சுமார் 6.8 டன்னில் அறும்; அதே தடிமனுள்ள உயர்தர பாலிஎத்திலீன் இழைக் கயிறு சுமார் 8 டன் வரை தாங்கும். ஆனால் கம்பிக்கு 4 மடங்கும், உராய்வில் எளிதில் நலியும் கயிற்றுக்கு 5 மடங்கும் பாதுகாப்பு இடைவெளி வைத்துக் கணக்கிட்டால், அன்றாட வேலைக்குக் கிடைப்பது முறையே 1.7 டன்னும் 1.6 டன்னும்தான். எனவே வலிமையை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

வேறுபாடு எடையிலும் பகையிலும் இருக்கிறது. 30 மீட்டர் கம்பி வடம் ஏறத்தாழ 12 கிலோ இருக்கும். கயிறு 2 கிலோவைத் தொடாது. பள்ளத்துக்குள் கொக்கியைச் சுமந்து இறங்குபவருக்கு இது பெரிய ஆறுதல். கையைக் கிழிக்கும் அறுந்த கம்பி நுனிகளும் கயிற்றில் இல்லை. ஆனால் கயிற்றுக்கு வெப்பமும் கூரிய விளிம்பும் மணலும் பகை. அதன் இழை ஏறக்குறைய 150 பாகை செல்சியஸில் உருகும். 70 பாகையை நெருங்கும்போதே அதை நம்பிச் சுமை ஏற்றக் கூடாது. ஆதலால் டிரம்முக்கு உள்ளேயே பிரேக் அமைந்த வின்ச்சில், சுமையை இறக்கும்போது எழும் வெப்பம் அடிச்சுற்றுகளைக் கெடுத்துவிடும். கம்பி வடம் பல ஆண்டுகள் உரசி வரிவிழுந்த வழிகாட்டி உருளைகளின் மேல் புதுக் கயிற்றை ஓடவிடுவதும் தவறு; உருளைகளை மாற்றிவிட்டே கயிற்றைப் போட வேண்டும். தளத்தின் விளிம்பில் நாள்தோறும் உரசி ஓடும் ஏற்று வண்டிக்கு நான் கம்பி வடத்தையே பரிந்துரைப்பேன்; அதிலும் டிரம்மில் அடுக்கடுக்காக நசுங்கும் இடத்தில் நார் நடுவடத்தைவிட உருக்கு நடுவடமே உருக்குலையாமல் நிற்கும்.

கொக்கி முனையில் வடத்தை மடித்துக் கண் (வளையம்) அமைக்க, யு வடிவ போல்ட்டும் அடித்தட்டும் கொண்டு இறுக்கும் யு கிளிப்புகளுக்கும் ஆலையில் அழுத்திப் பொருத்திய உலோக உறைக்கும் இடையே போட்டி. சரியாகப் போட்ட கிளிப்புகள் வடத்தின் வலிமையில் சுமார் 80 விழுக்காட்டைத்தான் காக்கும். அழுத்திய உறை 90 விழுக்காட்டுக்கு மேல் காக்கும், உருளைகளில் மாட்டிக்கொள்ளவும் செய்யாது. ஆகவே திம்பிள் (கண்ணின் உட்புறத்தைத் தேயாமல் காக்கும் உலோக வளையம்) வைத்து கண் அமைத்த வடமாகவே வாங்குவது நல்லது. வழியில் கிளிப்புதான் கதி என்றால், வார்ப்புக் கிளிப்புகளை ஒதுக்கி, அடித்து உருவாக்கியவற்றை, வடத்தின் தடிமனைப்போல் ஆறு மடங்கு இடைவெளியில் குறைந்தது மூன்று போட வேண்டும். வளைந்த போல்ட் வெட்டுமுனைப் பக்கமும், அடித்தட்டு சுமை தாங்கும் வடத்தின் பக்கமும் அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட்டே சுமை வடத்தை நசுக்கிவிடும். முதல் சுமையில் வடம் சற்று மெலிவதால் நட்டுகளை மறுபடி முறுக்குவதும் கட்டாயம். பின்னல் கயிற்றுக்குக் கிளிப் ஆகாது. முனையை அதன் உட்குழிக்குள் செருகிப் பின்னும் கண்தான் அதற்கு உரியது.

டிரம் முனையில்தான் மிகுதியான அசட்டை நேர்கிறது. அங்குள்ள திருகோ ஆப்போ வடத்தை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கவே அமைந்தது. முழுச் சுமையைத் தாங்க அன்று. சுமையைத் தாங்குவது டிரம்மைச் சுற்றிய வடத்தின் உராய்வு. கம்பி வடத்துக்கு 5 சுற்றுகளாவது எப்போதும் எஞ்சியிருக்க வேண்டும். வழுக்கும் தன்மையுள்ள கயிற்றுக்கு 8 முதல் 10 வரை வேண்டும். வெட்டுமிடத்தின் இருபுறமும் மெல்லிய கம்பியால் இறுகக் கட்டிவிட்டு வெட்டாவிட்டால், புரிகள் பிரிந்து முனை துளைக்குள் நுழையாது. வலப்புரி வடம் (புரிகள் வலப்பக்கமாக முறுக்கியது) டிரம்மின் மேற்புறமாக ஏறுமானால், டிரம்முக்குப் பின்னால் நின்று வடம் நம்மைவிட்டு விலகிப்போகும் திசையை நோக்கும்போது, இடப்பக்க ஓரத்தில் அதைப் பிணைத்துத் தொடங்க வேண்டும். அப்போதுதான் சுற்றுகள் ஒன்றையொன்று நெருங்கி அமரும்.

சுருளிலிருந்து வடத்தை எடுக்கும்போது சுருளையே உருட்ட வேண்டும். பக்கவாட்டில் உருவினால் முறுக்கு ஏறி மடிப்பு விழும், அந்த மடிப்பு பிறகு நேராவதே இல்லை. தளர்வாகச் சுற்றிய வடத்தில் பாரம் விழுந்தால் மேலடுக்கு கீழடுக்குக்குள் புதையும் என்பதால், சற்றே சரிவான இடத்தில் ஒரு வாகனத்தை மெதுவாக இழுத்தபடி, இழுவிசையோடு சுற்றி முடிக்க வேண்டும். எஞ்சவேண்டிய கடைசிச் சுற்றுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசிவிட்டால், எவ்வளவு அவசரத்திலும் வடத்தை எங்கே நிறுத்துவது என்று ஓட்டுநருக்குத் தெரியும்.